இரண்டு ஜிபி மன்சிக்கி

எங்கள் ஹாப்பாலா ஊரில் ஜூலை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை மெதுக்கணினிப் போட்டி நடக்கும். ஒரு ஊரில் பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், இன்னொரு ஊரில் ரப்பர் பூட்ஸை வீசி எறிகிறார்கள், நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் தீயணைப்புச் சங்கக் கூட்டத்தில் ஒருத்தி எழுந்து கேட்டாள். கேட்டது நான்தான். ஏன் கேட்டேன் என்பதும் ஊருக்கே தெரியும்.

விதிகள் சுலபம். நகராட்சி வேண்டாம் என்று கழித்துவிட்ட பன்னிரண்டு மடிக்கணினிகள் எங்களிடம் இருக்கின்றன. எல்லாம் ஒரே ரகம், ஒரே வயது, எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜிபி நினைவகம்தான். உங்கள் பையிலிருக்கும் கைப்பேசி அதைப் பார்த்தால் சிரிக்கும். இரண்டு பேர் ஓர் அணி. தயார் செய்துகொள்ள இருபது நிமிடம். அதற்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மைக்கில் ஒரு வேலை சொல்வார்கள்: ஏரி வரைபடத்தைத் திற, பனிச்சறுக்குக் காணொளியை ஓட்டு, இரண்டாயிரம் வரி அட்டவணையைத் திற. திறந்த எதையும் மூடக்கூடாது. கணினி உறைந்துபோய், பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் நீங்கள் வெளியே. திறந்த ஜன்னல்களில் ஒன்று தானாகச் செத்தாலும் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிக்கிற அணிக்கு ஒரு கிலோ காப்பித்தூளும் ஒரு வருஷப் பெருமையும்.

இதில் ஒரே ஒரு கொடுமை, யாரோடு யார் சேர்வது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது என்று அந்த விதியையும் நான்தான் கொண்டுவந்தேன். என் வாயை எதைக்கொண்டு அடிப்பது?

ஏனென்றால் இந்த வருஷம் முதல் தடவையாக என் தம்பி இல்போவும் பேர் கொடுத்திருந்தான்.

இல்போ என்னைவிட மூன்று வயது சின்னவன். முப்பத்திரண்டு மாடு வைத்திருக்கிறான். சாலைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவன் தொழுவம். நடுவில் இருநூறு அடிகூட இருக்காது. அந்த இருநூறு அடியை அவன் தாண்டி ஆறு வருஷம் ஆகிவிட்டது. தாண்டக் கூடாது என்று சொன்னது நான்தான். என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு என் வீட்டு வாசலை மிதி என்றேன். அவன் கேட்கவில்லை. நானும் இறங்கவில்லை. என் பேத்திக்கு நாலு வயசாகிறது, எதிர் வீட்டில் டிராக்டர் ஓட்டுகிற மாமாவின் பேர் என்ன என்று அவளுக்குத் தெரியாது. இதை நினைத்தால் சில நாள் காலையில் காப்பியை ஆறவிட்டுவிடுவேன். அதற்காக நான் போய்ப் பேசுவேனா? போக மாட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

அவன் செய்தது இதுதான். என் மகள் ரீக்காவுக்குக் கல்யாணம். கனடாவில், தண்டர் பே நகரத்தில் எங்கள் எல்வி சித்தி இருக்கிறார். அம்மா போன பிறகு எங்கள் இருவரையும் கடிதத்திலேயே வளர்த்தவர். அப்போதே எண்பத்தாறு வயது, விமானம் ஏற முடியாது. அதனால் கோயிலிலிருந்து நேரலை அனுப்புவது என்று ஏற்பாடு. என்னுடைய பழைய மடிக்கணினியை இல்போதான் அதற்காகத் தயார் செய்து கொடுத்தான். அங்கே சித்தி தன் தோழிகள் ஒன்பது பேரைக் காலங்காத்தாலே கூப்பிட்டு, கேக் வெட்டி வைத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இங்கே பாஸ்டரம்மா சிர்க்கா கேள்வி கேட்டாயிற்று. ரீக்கா "சம்மதம்" என்று சொல்ல வாய் திறந்தாள். கண்டார்கள் பாருங்கள் அங்கே, கும்மிருட்டு! நேரலை செத்துப்போய்விட்டது.

கோயில் படியில் வைத்துக் கணினியைத் திறந்து பார்த்தது ஹெய்மோ. எங்கள் ஊரில் எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் இருப்பார் இல்லையா, அவர்தான். பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார், "ஸ்வாப் பூஜ்யம்! ஒரு சொட்டுகூடப் போடல!"

ஸ்வாப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியல் அறையில் மேல்பலகையில் ஆறு பேர்தான் உட்கார முடியும். ஏழாவது ஆள் வந்தால், ஓரத்தில் தூங்கி வழிகிறவரை வெளி அறைக்கு அனுப்பிவிட்டு இடம் கொடுப்போம். தேவைப்பட்டால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நினைவகம் அந்த மேல்பலகை. டிஸ்கில் ஒதுக்கி வைக்கிற கோப்பு அந்த வெளி அறை. அதுதான் ஸ்வாப். வெளி அறையே கட்டாமல் விட்டால், இடம் நிறைந்ததும் லினக்ஸ் தாட்சண்யம் பார்க்காது. இருப்பவர்களில் அதிக இடம் பிடித்திருப்பவனைக் கழுத்தைப் பிடித்து அங்கேயே தீர்த்துக்கட்டிவிடும். கல்யாணத்தன்று அதிக இடம் பிடித்திருந்தது நேரலைதான்.

"ஏன்டா, ஸ்வாப் போடலியா நீ?" என்று படியில் நின்று கத்தினேன். கையில் பூங்கொத்து வேறு.

இல்போ கணினியை வாங்கி ஒரு நிமிடம் எதையோ தட்டிப் பார்த்தான். மூடினான். "ஆமா. போடல," என்றான். அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு சமாதானம் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்புகிறவன் போலப் போய்விட்டான்.

அதுவரை ஸ்வாப் என்ற வார்த்தையே எனக்குத் தெரியாது. அந்த வீம்பில் படித்தேன். நூலகத்தில் எனக்கு வேலை, படிக்க இடத்துக்கா பஞ்சம்? ஒரு வருஷத்தில் ஊரிலிருக்கிற ஓட்டைக் கணினி எல்லாம் என்னிடம் வரத் தொடங்கின. பிறகு இந்தப் போட்டியை ஆரம்பித்தேன். இல்போ வந்து கலந்துகொள்ள வேண்டும், எல்லார் முன்னாலும் அவனைத் தோற்கடிக்க வேண்டும், அதுதான் திட்டம். அவன் நாலு வருஷம் எட்டியே பார்க்கவில்லை.

இப்போது பாஸ்டரம்மா மேடையில் காப்பி டப்பாவுக்குள் கையை விட்டார். போட்டியை நடத்துவது அவர்தான். சங்கக் கூடத்தில் இருபத்துநாலு போட்டியாளர்கள், வேடிக்கை பார்க்க எண்பது பேர், பின்னால் தொத்திறைச்சி சுடுகிற வாசனை.

"ஆறாவது மேசை. மெர்யா..." அடுத்த சீட்டைப் பிரித்தார். "இல்போ."

தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார்.

"இது செல்லாது," என்றேன்.

"சீட்டு சீட்டுதான் மெர்யா. நீ போட்ட விதி," என்றார் பாஸ்டரம்மா. முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம். அந்த இரண்டு சீட்டையும் அங்கி மடிப்பில் ஒளித்து வைத்திருந்தீர்களா என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை.

இல்போ வந்து உட்கார்ந்தான். தலை நரைத்திருந்தது. சாலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது அது தெரிந்திருக்கவில்லை.

"ஸ்வாப் போடத் தெரியுமா, இல்ல அதையும் நானே போடணுமா?" ஆறு வருஷத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வாக்கியம்.

"தெரியும்."

"எவ்வளவு தெரியும்?"

"போட்டா வேலை செய்யிற அளவுக்கு."

பக்கத்து மேசையில் ஹெய்மோ. கூட்டாளி ஒரு பயந்த தபால்காரர். "நாங்க ஸ்வாப்பே போடல," என்று மார்தட்டினார் ஹெய்மோ. "இருக்கறத வச்சு ஓட்டுறவன்தான் ஆம்பள. ஸ்வாப்பெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு."

"அப்போ நீங்க மொத ஆளா வீட்டுக்குப் போங்க," என்றேன்.

இருபது நிமிடமும் சண்டைதான். நினைவகத்திலேயே ஒரு மூலையை ஒதுக்கி, சும்மா கிடப்பதை எல்லாம் சுருக்கி அங்கே அடைத்து வைக்கிற வழி ஒன்று உண்டு. டிஸ்க் வரைக்கும் போக வேண்டாம், வேகம் அதிகம். நான் அந்தக் கட்சி. இல்போவுக்கு டிஸ்கில் கோப்புப் போட்டால்தான் தூக்கம் வரும்.

"அந்த டிஸ்க் கிழட்டு டிஸ்க்குடா. ஸ்வாப் அங்க போச்சுன்னா கரகரன்னு அரைச்சுக்கிட்டே கெடக்கும்."

"உன் மூலை நெறஞ்சா எங்க போவ?"

"நெறயாது."

"நெறையும். கடைசி வேலை எப்பவும் நேரலைதானே. அதுக்கு உன் மூலை பத்தாது."

அவன் சொன்னது சரி. எனக்கு அதுதான் எரிச்சல். கடைசியில் இரண்டையும் போட்டோம். முதலில் என் மூலை நிறையட்டும், அது வழிந்தால் மட்டும் அவனுடைய கோப்புக்குப் போகட்டும் என்று வரிசை வைத்தோம். அவன் விசைப்பலகையை வாங்கிக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். தடித்த விரல், ஆனால் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. டிஸ்கில் இரண்டு ஜிபி ஒதுக்கினான். கோப்புக்குப் பேர் கொடுத்தான். மன்சிக்கி.

"இதென்னடா மாட்டுப் பேரு?"

"ஸ்வாப்புக்கு."

"ஸ்வாப்புக்கு யாராவது மாட்டுப் பேரு வைப்பாங்களா?"

"நான் வைப்பேன். எப்பவும் மன்சிக்கிதான். பழகிப் போச்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். காதுமடல் சிவந்துவிட்டது. சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் அப்படித்தான் சிவக்கும்.

கோப்புக்கு அந்தப் பேர் இருந்ததை நான் முன்னாலேயே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை. ரீக்காவின் குழந்தைப் படங்களை அந்தக் கணினியில் ஏற்ற வேண்டும், டிஸ்கில் இடமில்லை. எது பெரிய கோப்பு என்று தேடினேன். முதலாவதாக வந்து நின்றது இரண்டு ஜிபியில் ஒரு மன்சிக்கி. இல்போவிடம் மன்சிக்கி என்று ஒரு பழுப்பு மாடு உண்டு. எந்தக் கணினி கையில் கிடைத்தாலும் மாட்டுக் காணொளியைப் போட்டு நிரப்புகிற ஆள் அவன். 'ஏன்டா, என் மகள் கல்யாணத்துலயும் உன் மாடா' என்று திட்டிக்கொண்டே அழித்தேன். கணினி கடவுச்சொல் கேட்டது. ஒரு மாட்டுப் படத்தை அழிக்க ஏன் கடவுச்சொல் கேட்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கிறவளா நான்? கொடுத்தேன். அழித்த பிறகும் இடம் போதவில்லை, அதற்கும் இல்போவைத்தான் திட்டினேன். வேறு எதையோ அழித்துச் சமாளித்தேன்.

இன்றைக்கு எனக்குத் தெரியும் அது என்ன கோப்பு என்று. இல்போ போட்டு வைத்திருந்த ஸ்வாப் அது, கணினி மறுபடி எழும்போதுதான் வேலைக்கு வரும், அதனால்தான் அழிக்கவும் விட்டது. அடுத்த தடவை அணைத்துப் போடும்வரை ஒரு குறையும் தெரியாது. நான் அணைத்துப் போட்டேன். கல்யாணத்தன்று காலையில், நல்ல நாளும் அதுவுமாகப் புதிதாக எழுந்து ஓடட்டும் என்று, நானே என் கையால்.

"இல்போ," என்றேன். "அந்தக் கல்யாணக் கம்ப்யூட்டர்ல..."

"மணி அடிச்சாச்சு. மைக்க கவனி," என்றான் அவன் திரையைப் பார்த்தபடி.

முதல் வேலை வரைபடம். இரண்டாவது வானொலி. மூன்றாவது, எங்கள் நகராட்சியின் பட்டியல் ஒன்று, நானூறு பக்கம். என் கை தானாக வேலை செய்துகொண்டிருந்தது. மனசு ஆறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் கோயில் படியில் நின்றுகொண்டிருந்தது. நாலாவதாகப் பனிச்சறுக்குக் காணொளி. திறந்த அடுத்த நொடியில் ஹெய்மோவின் மேசையில் வரைபடம் மாயமாக மறைந்தது. அங்கே அதிக இடம் பிடித்திருந்தது அதுதான்.

"எங்க போச்சு? தொட்டியா நீ?" என்று தபால்காரர் மேல் பாய்ந்தார் ஹெய்மோ.

"நான் மூச்சுகூட விடலீங்க!"

கூடமே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நான் மேசை மேல் ஏறி ஆடியிருப்பேன். அன்றைக்கு இல்போவின் பக்கம் குனிந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"என்ன?"

"நடிக்காத. மன்சிக்கிய அழிச்சது நான்னு."

ஐந்தாவது வேலையை அறிவித்தார்கள், அவன் திறந்தான். "ம்," என்றான்.

"எப்போலேந்து?"

"கோயில் படியிலேயே. மன்சிக்கியக் காணோம்னு காலைல எழும்பும்போதே கம்ப்யூட்டர் எழுதி வச்சிருந்துச்சு. உன்னத் தவிர வேற யாரு அதத் தொட்டா?"

"பின்ன எதுக்குடா 'ஆமா, போடல'ன்ன?"

இல்போ மூக்கைச் சொறிந்தான். "மக கல்யாணத்தன்னைக்கு 'நான்தான் கெடுத்தேன்'னு நீ அழுதுக்கிட்டு நிக்கணுமா? கோவம்னா பரவாயில்ல. அது உனக்குப் பழக்கம்தானே."

"அது சரி, அன்னைக்கு. அப்புறம் ஆறு வருஷம்?"

"நீ கேக்கல."

"நான் கேக்கலியா!" கத்திவிட்டேன். மூன்று மேசைகள் திரும்பிப் பார்த்தன. "அடப்பாவி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சாலையத் தாண்டி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் ஒரு தடவ வந்தேன். நீ நூலகத்துல எல்லாருக்கும் ஸ்வாப் பத்திப் பாடம் எடுத்துக்கிட்டிருந்த. சந்தோஷமா இருந்த மாதிரி தெரிஞ்சுது. கெடுப்பானேன்னு திரும்பிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும் போலவும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததில் விக்கல் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கணினியும் உறைந்தது. டிஸ்க் கரகரவென்று அரைத்தது, அம்புக்குறி அசையவில்லை.

"ஆறாம் மேசை!" பாஸ்டரம்மா எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு. ரெண்டு."

நான் விசைப்பலகை மேல் பாய்ந்தேன். இல்போ என் கையைப் பிடித்தான்.

"தொடாதக்கா. எதையாவது அமுக்கினா அதுக்கும் சேத்து எடம் தேடும். விடு, வரும்."

அக்கா என்றான். ஆறு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட வேறு ஆளும் இல்லை எனக்கு.

"ஏழு. எட்டு. ஒம்போ..."

அம்புக்குறி நகர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய ஆட்டத்தை நானே சொன்னால் தற்பெருமை. பத்தாவது வேலைக்குள் எட்டு அணி காலி. பதினான்காவது வேலையின்போது என் மூலை தளும்பி வழிந்து மன்சிக்கிக்குள் இறங்கத் தொடங்கியது. இல்போ புருவத்தைத் தூக்கினான். சரிடா, நீ சொன்னதுதான் சரி, என்றேன். பதினாறாவதில் மிச்சம் இரண்டே அணி. நாங்களும், கிவிலம்பி ஊரிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகளும்.

"கடைசி வேலை," என்றார் பாஸ்டரம்மா. "நேரலை அழைப்பு. வெளியூர்ல யாரையாவது கூப்பிடுங்க. படமும் குரலும் ரெண்டு நிமிஷம் நிக்கணும். இது வரைக்கும் தெறந்தது எதுவும் சாகக் கூடாது."

கிவிலம்பிக்காரிகள் உடனே யாரையோ அழைத்தார்கள். இல்போ என்னைப் பார்த்தான்.

"யாரக் கூப்பிட?"

"எல்வி சித்திய."

"அக்கா, வேணாம். சாதாரணமா யாரையாவது..."

"கூப்பிடுறா."

தண்டர் பேயில் காலை ஒன்பது மணி. சித்திக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு. சமையலறையில் அமர்ந்திருந்த அவருடைய முகம் கட்டம் கட்டமாகத் திரையில் வந்து சேர்ந்தது. எங்கள் திரையைச் சுவரிலும் பெரிதாகக் காட்டினார்கள். ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டார்கள். கூடம் முழுக்கப் பார்க்கிறது.

"யாரு? மெர்யாவா? பக்கத்துல யாருடி அது, இல்போ மாதிரி இருக்கு? கண்ணு சரியாத் தெரியல எனக்கு."

"இல்போதான் சித்தி. ஒண்ணு சொல்லணும், கேளுங்க." எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பதைக் கல்லறையில்கூட யாரும் சொன்னதில்லை. "ரீக்கா கல்யாணத்தன்னைக்குப் படம் நின்னு போச்சுல்ல? அது இல்போ தப்பு இல்ல. அவன் எல்லாம் சரியாத்தான் போட்டிருந்தான். அத அழிச்சது நான்."

சித்தியின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்தது. டிஸ்க் அரைத்தது. பாஸ்டரம்மா எண்ணுவதற்குக் கையைத் தூக்கினார். நாலு எண்ணுவதற்குள் முகம் அசைந்தது.

"என்னடி சொல்ற? விட்டு விட்டுக் கேக்குது. சத்தமாச் சொல்லு."

"இல்போ மேல தப்பில்ல! நான்தான் அழிச்சேன்!" தொண்டை கிழியக் கத்தினேன். வாசலில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மறுபடியும் உறைந்தது. மறுபடியும் அசைந்தது.

"யாரு அழிச்சா? கொரங்கா?"

"நான்! நான்! மெர்யா!" எழுந்தே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. "எதையும் பாக்காம அழிச்சவ நான்! அழிச்சுட்டு, ஊரு முன்னாடி அவனத் திட்டுனவளும் நான்! ஆறு வருஷம் என் தம்பிய வாசப்படி ஏற விடாம வச்சிருந்தேன் சித்தி! அவன் எனக்காகப் பழியச் சொமந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசல!" திரும்பினேன். இல்போ மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். "இல்போ, என்ன மன்னிச்சிருடா!"

சுவரில் சித்தியின் முகம் அசையாமல் நின்றது. டிஸ்க் அரைத்தது, அரைத்தது, நின்றது.

"எனக்கு மொதத் தடவையே நல்லாக் கேட்டுச்சுடி," என்றார் எல்வி சித்தி. "எங்க குடும்பத்துல ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு இந்தத் தொண்ணூத்திரண்டு வருஷத்துல நான் பாத்ததில்ல. ஒரு தடவையோட விட மனசு வரல."

முதலில் சிரித்தது இல்போ. அவன் சிரித்து நான் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று! மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பிறகு கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. பாஸ்டரம்மா மைக்கைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனார். எங்கள் இரண்டு நிமிடம் முடிந்ததா, இடையில் எத்தனை தடவை பத்தைத் தாண்டியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஹெய்மோ மட்டும் விதிமுறைப்படி இது செல்லாது என்று ஆரம்பித்தார். தபால்காரர் அவர் வாயில் ஒரு துண்டு தொத்திறைச்சியை வைத்து அடைத்தார்.

காப்பித்தூள் கிவிலம்பிக்குப் போனது. தாராளமாகப் போகட்டும்.

வாசலில் இல்போ டிராக்டரில் ஏறப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றியா?"

அவன் சாலையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான். "மாட்டுக்கு நேரமாச்சு. கறந்து முடிக்க ஏழு மணி ஆகும்."

"ஏழுக்கு வா."

"ம்."

ஏழு மணி என்றவன் ஆறேகாலுக்கே என் வாசலில் நின்றான். சட்டை மாற்றியிருந்தான், தலை சீவியிருந்தான். முப்பத்திரண்டு மாட்டையும் அதற்குள் எப்படிக் கறந்தான் என்று நான் கேட்கவில்லை. என் பேத்தி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள், அண்ணாந்து பார்த்தாள்.

"நீ யாரு?"

இல்போ என்னைப் பார்த்தான். அவன் பேரை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான்.

"என் தம்பி," என்றேன். "உள்ள விடு."